பட்டனில் செருகிய வாக்குத்தத்த அட்டை

ஜூலை 6, ஞாயிறு

இன்று இராப்போஜன ஆராதனை, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள். கிளாஸ் கழுவும் வேலை வழக்கம்போல எனக்குத்தான். கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிளாஸ்கள், எண்பத்தேழு. சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்குத்தான் திராட்சை ரசம் ஊற்றுவோம், அதனால் எதுவும் மிஞ்சுவதில்லை. "ஜெனிபர் கழுவுனா பளபளன்னு இருக்கும்" என்று சொல்லியே மற்றவர்கள் ஆறு வருஷமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கும் அந்தப் புகழ் பிடிக்கும். என் டைரிதானே, ஒத்துக்கொண்டால் என்ன.

இந்த டைரியே புகழில் வந்ததுதான். போன வருஷம் எங்கள் லைனில் ஒரு விபத்தும் இல்லை என்று லைன் லீடரான எனக்குக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறது.

நாளை முதல் ஷிப்ட். நான்காம் நம்பர் பிரஸ்ஸில் இருக்கும் புதுப் பெண் பூமிகாவை ஒரு பிடி பிடிக்க வேண்டும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், கான்ட்ராக்டில் வந்து இருபது நாள் ஆகிறது. நல்ல பெண், ஆனால் வேலை நகர்வதில்லை. மணிக்கு இருநூற்று நாற்பது பீஸ் அடிக்க வேண்டிய இடத்தில் நூற்றெண்பதைத் தாண்டுவதில்லை. அவளால் என் லைன் போர்டு சிவப்பாகவே இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

பூமிகாவின் வலது கை. இரண்டு விரல்.

ஆண்டவரே.

ஜூலை 10, வியாழன்

எழுதிவிடுகிறேன். உண்மை ஏதாவது ஓர் இடத்திலாவது இருக்கட்டும்.

நான்காம் நம்பர் பழைய மிஷின். தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. அதற்கு இருக்கும் பாதுகாப்பே அவ்வளவுதான். ஆனால் வலது பட்டன் அமுங்கியே இருக்கும்படி எதையாவது செருகிவிட்டால், இடது கை அடித்துக்கொண்டிருக்க வலது கை தகட்டை வைத்துக்கொண்டே போகலாம். வேகம் கூடும். அப்படிச் செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்திருக்கிறோம்.

செவ்வாய் காலை பதினோரு மணி. "அக்கா, பாத்ரூம் போய்ட்டு ஓடியாந்துர்றேன்" என்று பூமிகா போனாள். போர்டு சிவப்பு. எனக்கு எரிச்சல். அவள் ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். செருகுவதற்கு ஏதாவது வேண்டும். ஐ.டி. கார்டு உறைக்குள் என் வாக்குத்தத்த அட்டை இருந்தது. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கு ஒன்று எடுப்போமே, வருஷம் முழுக்க அந்த வசனம் நமக்கு என்று, அந்த அட்டை. லேமினேட் செய்தது, கெட்டியாக இருந்தது. இரண்டாக மடித்து வலது பட்டனின் இடுக்கில் சொருகினேன்.

பத்து நிமிஷத்தில் அறுபது பீஸ் அடித்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த லைனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.

அட்டையை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. வலது கையால் தகட்டை வைத்திருக்கிறாள். இடது கை பழக்கத்தில் முன்னாலேயே போய்ப் பட்டன்மேல் உட்கார்ந்திருக்கிறது. வலது பட்டன்தான் ஏற்கெனவே அமுங்கிக் கிடந்ததே.

கத்தல் கேட்டு ஓடினேன். ஓடிப்போய் முதலில் என்ன செய்தேன்? அவளைப் பிடித்தேனா? இல்லை. பட்டனில் இருந்த அட்டையைத் தட்டிவிட்டேன். முதலில் அட்டை, அப்புறம்தான் அவள்.

அந்த அட்டை எங்கே போய் விழுந்தது? தெரியலையே. அதுக்குப் பின்னாடி நானே பேனாவால என் பேரை எழுதி வச்சிருக்கேனே.

ஜூலை 11, வெள்ளி

புரொடக்ஷன் மேனேஜர் பரசுராமன் சார் அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஷின்ல கோளாறு இல்லன்னு மெயின்டனன்ஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணே வேகமா அடிக்கறதுக்கு இன்னாவோ பண்ணிக்கீது. நீ இன்னா சொல்றே?"

நான் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"பக்கத்துல இருந்தியா நீ?"

"இல்ல சார். அடுத்த லைன்ல இருந்தேன்."

அது உண்மைதான். அந்த ஒரு உண்மையின் முதுகில் மொத்தப் பொய்யும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் டைப் செய்த காகிதத்தைத் தள்ளினார். பட்டன்கள் சரியாக இருந்தன, ஆபரேட்டர் விதியை மீறி இயக்கியதே காரணம் என்று இருந்தது. லைன் லீடர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

வெளியே வந்ததும் நேராக நான்காம் நம்பர் மிஷினுக்குப் போய்க் குனிந்து அட்டையைத் தேடினேன்.

ஜூலை 15, செவ்வாய்

நாலு நாளாக மிஷினுக்கு அடியில் தேடுகிறேன். பேனா விழுந்துவிட்டது, காதுத் திருகு விழுந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. எண்ணெய்க் கறையும் தகட்டுத் துணுக்கும்தான் கிடைத்தன. கூட்டிப் பெருக்கும் குப்பம்மாளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அன்னிக்குக் கூட்டும்போது எதுனா கெடச்சுதா ஆயா?"

"ரத்தந்தான் கெடச்சுது. நீ இன்னாத்தத் தேடிக்கினு கீறே நாலு நாளா?"

நாலு நாளாம். எண்ணி வைத்திருக்கிறாள். அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

யார் கையில் இருக்கிறது அது? எடுத்தவர் ஏன் பேசாமல் இருக்கிறார்? செக்யூரிட்டி என் பையைத் திறந்தால் அவர் கையையே பார்க்கிறேன். சிப்காட் ரோட்டில் போலீஸ் ஜீப் போனால் கம்பெனி பஸ்ஸில் தலையைக் குனிந்துகொள்கிறேன், ஏதோ தலை தெரியாவிட்டால் பாவமும் தெரியாது என்பது போல.

ஜூலை 20, ஞாயிறு

தினமும் காலையில் முழங்காலில் நிற்கிறேன். ஆண்டவரே, நான்தான் செய்தேன், மன்னியும். சொல்லிச் சொல்லி நாக்கு காய்ந்துவிட்டது. அறிக்கை செய்தால் மன்னிப்பார் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவர் மன்னித்திருப்பார். அப்படியானால் எழுந்திருக்கும்போது ஏன் முழங்காலிட்டபோது இருந்த பாரம் அப்படியே இருக்கிறது?

அட்டையில் இருந்த வசனம் ஞாபகம் வருகிறது. கர்த்தர் நம் வலது கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே என்று சொல்வதாக வரும். வலது கையை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று ஆயத்தக் கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் கேட்பார்களே. ஆனால் இன்று என் வரிசை எழுந்து போகும்போது என் கால் எழவில்லை. தகுதியில்லாமல் எடுப்பவர் தண்டனையைத்தான் சாப்பிடுகிறார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முக்காட்டுக்குள்ளிருந்து எத்தனை கண்கள் திரும்பின என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் உட்கார்ந்தால் நானும் அப்படித் திரும்பிப் பார்ப்பவள்தானே.

பிறகு கழுவப் போனேன். தட்டில் எண்பத்தைந்து கிளாஸ் காலி, ஒன்று மட்டும் நிறைய. ஆயர் யேசுதாஸ் ஐயா உள்ளே வந்து, "இது யாருது?" என்றார். நான் குழாயைத் திறந்து விட்டேன். மிஞ்சியதைக் கீழே கொட்டக் கூடாது, ஆயர்தான் குடிக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் அன்பு கேட்டார். "இன்னா ஜெனி, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"வயிறு செரியில்ல."

இன்னொரு பொய்.

ஆகஸ்ட் 6, புதன்

ஐயாவைப் போய்ப் பார்த்தேன். வேலை இடத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன், ஒருவருக்குக் கஷ்டம் வந்துவிட்டது, என்னால் என்னையே மன்னிக்க முடியவில்லை என்றேன். யார், என்ன, எதுவும் சொல்லவில்லை. அவரும் துருவவில்லை.

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் ஐயா. தெனமும் சொல்றேன்."

"அவர் மன்னிச்சத நீ மன்னிக்க மாட்டேன்னா, அவரவிடப் பெரிய ஜட்ஜா நீ? விட்டுடும்மா. உன்ன நீ மன்னிச்சிக்கோ."

ஜெபம் செய்தார். அழுதேன். வந்து சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பத்தாவது படிக்கும் என் மகள் பிரின்சி, "இன்னிக்குத்தாம்மா நீ நீயாக் கீற" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

அந்த நிம்மதி மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. பாதியைச் சொல்லி முழு மன்னிப்பை வாங்கி வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பூமிகா போன் செய்தாள்.

"அக்கா, நல்லா கீறீங்களா? உங்க பொருள் ஒண்ணு என்கிட்ட கீதுக்கா. உங்க பேரு போட்ட அட்டை. வந்து வாங்கிக்கினு போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று என் வாய் சொன்னது. போனை வைத்த பிறகு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடமா இருக்கிறது? அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் 'நல்லா கீறீங்களா' என்கிறாள்? வீட்டுக்கு வரவழைத்து ஊரைக் கூட்டி வைத்துக் கேட்பாளா? போலீசை உட்கார வைத்திருப்பாளா?

இன்னும் நாலு நாள். எப்படி ஓட்டுவது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போய் வந்துவிட்டேன். என்ன எழுதுவது?

இரண்டு பஸ் மாறி ஊத்துக்கோட்டை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் நடுவில் உட்கார்ந்து, இறங்கி ஓடிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். பூமிகாவின் அம்மா லட்சுமியம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். போலீஸ் இல்லை. ஊர் இல்லை. எனக்காகக் கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்கள்.

பூமிகா வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. என்னால உங்க லைன் பேரே கெட்டுப்போச்சி."

எனக்குப் புரியவில்லை. அவளே பேசினாள்.

"எப்டிக்கா கைய உள்ள வுட்டேன்? நெனச்சி நெனச்சி பாக்குறேன், நெனப்பே வரல. பட்டன்ல எதையோ சொருவினேன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் சொருவலியேன்னு மொதல்ல சொன்னேன். அல்லாரும் சொல்லச் சொல்ல, சொருவியிருப்பேன் போலகீதுன்னு இப்ப எனுக்கே தோணுது. என் கைய நானே வெட்டிக்கினேங்கா. தூக்கமே வரமாட்டேங்குது."

லட்சுமியம்மாள் சாமி மாடத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். என் அட்டை. நடுவில் மடிப்பு. மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குப்பம்மாள் அன்றே மிஷினுக்கு அடியிலிருந்து அதை எடுத்து, பூமிகாவினுடையதாக இருக்கும் என்று அவள் சாப்பாட்டுப் பைக்குள் போட்டிருக்கிறாள். நான் கேட்டபோது சாமி அட்டைதானே என்று சொல்லாமல் விட்டிருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பையைத் திறந்தபோது பார்த்திருக்கிறார்கள். எல்லா மிஷினிலும் யாராவது சாமி படம் ஒட்டி வைத்திருப்பார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு வருஷம் முழுக்க இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டார்கள்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு உங்க சாமிய மிஷின்ல வச்சிக்கீறியேம்மா," என்றார் லட்சுமியம்மாள். "அது இருந்ததாலதான் ரெண்டு வெரலோட போச்சி. இல்லாங்காட்டி கையே போயிருக்கும். நீ நல்லா இருக்கணும்."

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தும் இருந்தது. "இது உங்களுதுதானேக்கா, எடுத்துக்கோங்க" என்று பூமிகா இடது கையால் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். சோடாவையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அட்டை என்னிடம் இருக்கிறது. இனி எந்த ஆதாரமும் இல்லை. ஒரு மாதம் எதற்குப் பயந்தேனோ அது என் கைக்கே வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இன்று பயம் தீர்ந்திருக்க வேண்டும்.

காலையில் எல்லோரும் போன பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். அட்டையின் ஒரு முனையைக் காட்டினேன். பிளாஸ்டிக் சுருண்டு நாறியது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். என்னால் முடியவில்லை. குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது.

இத்தனை நாள் என்னை நான் மன்னிப்பது எப்படி என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தி, செய்யாத தப்புக்காகத் தன்னை மன்னிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது என் தப்பு. நான் கையெழுத்துப் போட்டு அவளிடம் அனுப்பிய தப்பு. ஆண்டவரே, என் பாவத்தை உம் சிலுவைக்குக் கீழே வைக்கிறேன் என்று தினமும் சொன்னேனே, எதை வைத்தேன்? அது என்னிடம் இருந்தால்தானே வைக்க முடியும்? அது ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. முதலில் போய் அதை வாங்கி வர வேண்டும்.

பயமா இருக்கு. போன மாசத்தைவிட அதிகமா பயமா இருக்கு.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டும் வேலை. கை அசைவில் ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுவதும் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அட்டை என்கிட்ட கீது."

"அப்போ எதுக்கு இப்ப இத்தக் கிளறிக்கினு? கேஸானா உள்ள போவே. பிரின்சி பத்தாவது படிக்கிது ஜெனி." செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். தண்ணீர் குடித்தார். என் முகத்தைப் பார்க்காமல், "ஊத்துக்கோட்டைக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் இரண்டு பேரும் பூமிகா வீட்டுக்குப் போனோம். இன்றும் சோடா வாங்க எழுந்தார் லட்சுமியம்மாள். வேண்டாம் என்று தடுத்து உட்கார வைத்தேன். இன்றும் குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன்.

அட்டையைப் பாயில் வைத்தேன்.

"இது சாமிக்கு வச்சது இல்ல. பட்டன் அமுங்கி இருக்கறதுக்கு நான் சொருவினது. நீ பாத்ரூம் போயிருந்தே இல்ல, அப்ப உன் எடத்துல ஒக்காந்து நான் அடிச்சேன். எடுக்க மறந்துட்டேன். நீ எதையும் சொருவல பூமிகா. நீ எப்பவும் போலத்தான் வேல செஞ்சே. ஆபீஸ்ல எழுதினது பொய்யி. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை முதல் முறையாக வெளியே எடுத்து, மிச்சமிருந்த விரல்களால் அட்டையை மடிப்பின்படி மடித்தாள். விரித்தாள்.

"அப்போ நான் பண்ணலியா?"

"இல்லம்மா."

"நான் பண்ணவே இல்லியா?"

"இல்ல."

அப்போது அவள் அழுதது முன்பு அழுதது போல இல்லை. மார்பிலிருந்து எதையோ கழற்றிப் போடுவது போல அழுதாள். லட்சுமியம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்புறம் பூமிகா நிமிர்ந்தாள்.

"போயிடுங்கக்கா."

"பூமிகா..."

"போயிடுங்க. எங்கம்மா அதுக்குக் குங்குமம் வச்சி கும்ட்டுக்கினு இருந்துச்சி."

எழுந்தோம். வாசலைத் தாண்டும்போது எனக்குக் கால் இடறியது. அவர் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நடந்ததை நானே என் கையால் எழுதிக்கொண்டு போனேன். நாலு பக்கம். பரசுராமன் சார் படித்து முடிக்கும்வரை நின்றேன்.

"பைத்தியமா நீ? மூடின ஃபைல எதுக்குத் தொறக்கறே? கம்பெனிக்கே பேஜாரு. அன்னிக்கு சைன் போட்டது நீதானே?"

"நான்தான் சார். அது பொய்யின்னு எழுதியிருக்கேன்."

"இத்தோட உன் வேலை போச்சின்னு தெரியுதா?"

"தெரியுது சார்."

ஐ.டி. கார்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அந்த உறைக்குள் வாக்குத்தத்த அட்டை இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. கேட் வரைக்கும் செக்யூரிட்டி கூட வந்தார். குப்பம்மாள் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தொழிற்சாலை ஆய்வுத் துறை அதிகாரிகள் கம்பெனிக்கு வந்தார்கள். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அட்டையைப் பூமிகாவே கொடுத்திருக்கிறாள். மேஜையில் உறைக்குள் இருந்தது. என்னுடையதா என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றேன்.

ஜீப்பைப் பார்த்தால் இன்னும் பயம்தான். ஆனால் குனிந்துகொள்வதில்லை.

செப்டம்பர் 6, சனி

ஆயத்தக் கூட்டத்துக்குப் போனேன், பெயர் கொடுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஐயாவிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். பூமிகா மன்னித்தால்தான் இராப்போஜனம் எடுப்பேன் என்றும் சொன்னேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீ சொல்லாததையும் சேத்து மன்னிச்சிக்கோன்னு நானும் சுலபமா சொல்லிட்டேன்மா. கேட்டிருக்கணும். என் தப்பும் இருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா இதையும் யோசி. அந்தப் பொண்ணு மன்னிச்சாத்தான் நான் நிமிருவேன்னா, உன்ன நிமித்தற வேலையும் அவ தலையிலயா? அவ கோவப்படட்டும். வருஷக்கணக்கா ஆவட்டும். அது அவ உரிமை. நீ ஆண்டவர் குடுக்கறத வாங்கிக்கறதுக்கு அவ மன்னிப்பு வெல இல்ல."

நாளைக்கு உட்கார்ந்துதான் இருப்பேன். யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேலை நீக்கம். கேஸ் தனியாக நடக்கும். பிரின்சி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நீ அப்டி சொன்னது நெஜமாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். எதைக் கேட்டாள், பொய்யைப் பற்றியா, உண்மையைச் சொன்னதைப் பற்றியா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டுக்கும் அதுதான் பதில்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று காலை முழங்காலில் நின்றபோது மன்னியும் என்று கேட்க வாய் வரவில்லை. ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி மறுபடி கேட்பது, கொடுத்தவரை நம்பாதது போல. நன்றி என்று மட்டும் சொன்னேன். சொல்லவே பயமாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று இரவு பூமிகாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. இடது கையால் அடித்திருப்பாள், எழுத்துகள் எல்லாம் தாறுமாறு. இன்று காலையில்தான் பார்த்தேன்.

"ரிப்போட்ட மாத்திட்டாங்க. என்ன திரும்ப வேலைக்கு எடுத்துக்கினாங்க, செக்கிங் டேபிள்ல. உங்க மேல கோவம் போவல. போவுமான்னு தெரியல. ஆனா இப்ப தூங்குறேன்."

மூன்று முறை படித்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பெயர் நேற்றே கொடுத்திருந்தேன்.

என் வரிசை எழுந்தது, நானும் எழுந்தேன். முழங்காலில் நின்று, எல்லோரையும் போல இடது கைமேல் வலது கையை வைத்து, இரண்டு கையையும் நீட்டினேன். ஐயா அப்பத்தை வைத்துவிட்டு ஒரு நொடி அதிகமாக நின்றார், அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து கழுவப் போனேன். எண்பத்து நாலு கிளாஸ். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாம் காலியாக இருந்தன.